வெளிநாட்டில் தங்கியிருக்கும்போது குடும்பத்தோடு ஊர் சுற்றலும் கடற்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் குடியிருக்கும் குடும்பங்களும், அவர்களைப் பார்க்க வந்து சில வாரங்கள் தங்கும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றவில்லை. கடல் பற்றிய பதில்கள் நீண்டும் மற்றவை சுருங்கியும் இருப்பதற்குக் காரணம் உண்டு. அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளில் போய் நின்றால் அரை நாள் வீணாகும், அவ்வளவுதான். கடலில் செய்யும் தவறு அப்படிப்பட்டதன்று.

ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்? பட்டியல் போட்டால் முடிவதே இல்லை.

சிறு குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் முற்பகலில் ஓர் இடம், ஓய்வுக்குப் பிறகு விருப்பமிருந்தால் இன்னோர் இடம் என்பதே என் கணக்கு. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் கால்களைக் கொண்டு திட்டமிட வேண்டும். வேகமாக நடப்பவரைக் கொண்டு திட்டமிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிடும். நான்கு நாள் விடுப்பில் வந்த பயணிக்குத்தான் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் அவசரம் உண்டு. அந்த நாட்டிலேயே குடியிருக்கும் உங்களுக்கு அடுத்த மாதமும் அந்தக் கோட்டை அங்கேயேதான் இருக்கும்.

டிக்கெட்டை முன்னாலேயே வாங்க வேண்டுமா, நேரில் போனால் கிடைக்காதா?

பெயர்பெற்ற இடங்களில் பல இப்போது நேரம் குறித்த நுழைவுச் சீட்டையே தருகின்றன. ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனை போன்ற இடங்களில் சீட்டு ஆளின் பெயரில் பதிவாகிறது. வாயிலில் அடையாள ஆவணத்தையும் பார்க்கிறார்கள். ஆகையால் பாட்டியின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், வீட்டில் அழைக்கும் பெயரை எழுதாதீர்கள். மூடும் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அந்நாட்டில் வசிப்போருக்கும் உள்ள சலுகைகளைப் பலர் கேட்பதே இல்லை. லூவ்ரில் 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வசிப்பிட அட்டை வைத்திருப்பவர் பல இடங்களில் உள்ளூர்வாசியாகவே கருதப்படுகிறார்.

பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டுமா? கடற்கரையில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

அது அந்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஜப்பானில் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டையோ வசிப்பிட அட்டையையோ எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், நகல் செல்லாது. இத்தகைய கட்டாயம் இல்லாத நாடுகளில் மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு, நகலையும் கைப்பேசியில் ஒரு படத்தையும் கொண்டுபோனால் போதும். எடுத்துச் சென்றே தீர வேண்டுமானால் கடலில் இறங்காமல் கரையில் இருப்பவரிடம் அது இருக்கட்டும். காலணிக்குள் ஒளித்து வைப்பது எல்லாத் திருடர்களுக்கும் தெரிந்த வித்தை.

கடற்கரைக்கு எந்த நேரத்தில் போவது நல்லது?

பகல் பத்து மணிக்கு முன்பும் நான்கு மணிக்குப் பிறகும் வெயில் தணிந்திருக்கும். கடிகாரத்தைவிட நம்பகமான அடையாளம் உங்கள் நிழல்: நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது. அந்தக் கதிரின் அளவெண்ணை வானிலை அறிக்கைகளிலேயே வெளியிடுகிறார்கள். எண் 3 ஆனால் தொப்பியும் நிழலும் தேவை. 8 ஆனால் நடுப்பகலில் வெளியே நிற்காமல் இருப்பதே நல்லது.

வெயிலுக்குப் பயந்து மிகவும் முந்தியோ பிந்தியோ போனால் இன்னொரு சிக்கல் வருகிறது, அந்நேரம் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்க மாட்டார்கள். அவர்களின் பணி நேரமும் பணிபுரியும் மாதங்களும் கடற்கரை நுழைவாயிலில் உள்ள பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்கு வெளியே கரையில் நடக்கலாம், மணலில் விளையாடலாம், கடலில் இறங்க வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தென்கோள நாடுகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை என்பதை விருந்தினரை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நமக்குக் கருத்த தோல்தானே, சன்ஸ்க்ரீன் எதற்கு?

கருத்த தோல் எளிதில் சிவந்து உரியாது என்பது உண்மைதான். ஆனால் அது முழுக் கவசம் ஆகாது. தோல் கருகுவதும் திட்டுத் திட்டாக நிறம் மாறுவதும் நமக்கும் நேரும், கண்ணுக்கு வரும் கேடோ தோலின் நிறத்தைப் பார்த்து வருவதன்று. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பை வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து ஏறிய பிறகும் மறுபடி தடவ வேண்டும். காதின் மேல்விளிம்பு, பாதத்தின் மேற்புறம், தலைவகிடு ஆகிய மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் களிம்பைவிட நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையுமே ஏற்றவை.

பவளப்பாறைகளைக் காப்பதற்காகச் சில இடங்களில் குறிப்பிட்ட வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளுக்குத் தடை உண்டு. பலாவு நாட்டில் 2020 முதலும் ஹவாயில் 2021 முதலும் ஆக்சிபென்சோன் கலந்தவற்றை விற்கக் கூடாது. துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பு பெரும்பாலும் எங்கும் பிரச்சினை தராது.

கடற்கரையில் விதவிதமாகக் கொடி நட்டிருக்கிறார்களே, எதற்கு என்ன பொருள்?

மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடிதான் நீங்கள் தேட வேண்டியது. இரண்டு கொடிகளை இடைவெளி விட்டு நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவில் உள்ள நீர்ப்பரப்பை மட்டுமே உயிர்காப்பாளர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நீரோட்டம் மாறினால் கொடிகளையும் பிடுங்கி வேறிடத்தில் நடுவார்கள். ஆகவே போன வாரம் குளித்த இடம் இன்றைக்குப் பொருந்தாது. நீரில் இருப்பவரை அலை பக்கவாட்டில் மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கும் என்பதால், அவ்வப்போது கரையைப் பார்த்துக் கொடிகளுக்கு நடுவில்தான் இருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. அமெரிக்காவிலோ ஒற்றைச் சிவப்பு கடும் ஆபத்தையும், இரட்டைச் சிவப்பு கடல் மூடப்பட்டிருப்பதையும் குறிக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் ஒற்றைச் சிவப்பிலேயே திரும்பிவிடலாம். மஞ்சள் என்றால் கவனம். ஊதாக் கொடி, கொட்டும் உயிரினங்கள் நீரில் இருப்பதைச் சொல்கிறது. கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக உள்ள கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களின் பகுதி. அதற்குள் குழந்தை போனால் பலகை மோதும். ஸ்பெயின் போன்ற நாடுகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற முறையும் உண்டு. ஐயம் வந்தால் உயிர்காப்பாளரிடம் நேரே கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கடலைக் காட்டி, குழந்தையைக் காட்டினால் தலையாட்டிப் பதில் சொல்லிவிடுவார்.

நீலக் கொடி பெற்ற கடற்கரை என்றால் பாதுகாப்பானது என்றுதானே பொருள்?

இதைத்தான் மிகப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீலக் கொடி ஒரு சுற்றுச்சூழல் சான்றிதழ். 1985இல் பிரான்சில் தொடங்கி, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நீரின் தரம், தூய்மை, கழிப்பறை, முதலுதவி போன்ற ஏற்பாடுகளைப் பார்த்து அந்தப் பருவம் முழுமைக்கும் தருகிறார்கள். இன்றைய அலை எப்படி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே கரையில் நீலக் கொடியும் சிவப்புக் கொடியும் சேர்ந்தே பறக்கலாம். அப்போது சிவப்பின் சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

நீரின் தரமும் நாளுக்கு நாள் மாறும். பெருமழை பெய்தால் நகரத்துச் சாக்கடையும் வீதிக் கழிவும் கடலில் வந்து விழும் என்பதால், வடிகால் வாய்க்கு அருகில் ஒன்றிரண்டு நாளாவது குளிக்காதிருப்பது நல்லது. வயிற்றுக்கு ஊறு செய்யும் என்று தெரியாமல் குழந்தைகள்தாம் நீரை விழுங்குகிறார்கள்.

அலை கம்மியாக இருக்கிற இடமாகப் பார்த்துக் குழந்தைகளை இறக்கிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இரு பக்கமும் வெள்ளை நுரையோடு அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தெரிந்தால், அங்கே நீர் ஆழமாக இருக்கிறது, கடலை நோக்கி ஓடிக்கொண்டும் இருக்கிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த நீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமல்லவா, மணல்திட்டுகளுக்கு நடுவே அது அறுத்துக்கொண்ட வாய்க்கால்தான் அந்தப் பட்டை. நுரையும் கலங்கிய மணலும் கரையை விட்டு விலகிச் செல்வதை இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். மேட்டிலிருந்து பார்ப்பது இன்னும் எளிது. இதை ரிப் என்று அழைக்கிறார்கள். விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேலான வேகம் சில இடங்களில் அளக்கப்பட்டிருக்கிறது. போட்டிகளில் நீந்துபவரும் அதை எதிர்த்து வெல்ல முடியாது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லித்தாருங்கள். ரிப் ஆளை அடியில் அமிழ்த்தாது, தூரத்துக்கு இழுத்துப் போகும். உயிர் போவது பெரும்பாலும் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதால்தான். முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதியை அடைந்த பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம்.

பிள்ளை இழுபடுவதைப் பார்த்த தந்தையோ தாயோ வெறுங்கையோடு பாய்ந்து, இருவருமே சிக்கிக்கொள்வது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. மிதக்கக்கூடிய எதையாவது எறியுங்கள். மூடிய காலிப் பெட்டியோ பந்தோ கூட உதவும். ஒருவர் உயிர்காப்பாளரிடம் ஓட, இன்னொருவர் பிள்ளையின் தலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும்.

காற்றடைத்த வளையம் போட்டுவிட்டால் குழந்தை பத்திரமாக இருக்கும் அல்லவா?

வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருள்கள். உயிர்காக்கும் சட்டைக்கு ஈடாகா. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரம் கண்ணாடி போல அமைதியாக இருக்கும், மிதவையோ நிமிடங்களில் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். பிரிட்டனில் அத்தகைய நாளில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பையை ஏற்றிவைக்கிறார்கள். சிறு குழந்தை நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், கைப்பேசி இல்லாமல் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டுவதுமில்லை.

மணலும் முழுக்க நிரபராதி அன்று. ஆழமாகக் குழி தோண்டி அதற்குள் குழந்தை உட்காரும்போது பக்கச்சுவர் சரிந்தால், ஈர மணலின் எடைக்கு அடியிலிருந்து இழுத்தெடுப்பது கடினம். குழியின் ஆழம் குழந்தையின் முழங்காலைத் தாண்டக் கூடாது.

நீச்சல் உடை போட எங்களுக்குக் கூச்சம். சாதாரண உடையோடு இறங்கலாமா?

கடற்கரையில் பெரும்பாலும் தடையில்லை. நீச்சல் குளங்களில்தான் விதிகள் கடுமை. ஆனால் தொளதொளப்பான பருத்தி உடை நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். உடலை மறைக்கும் முழுக்கை நீச்சல் சட்டையும் கால்சட்டையும் எங்கும் கிடைக்கின்றன. அவை வெயிலையும் தடுக்கும். குழந்தைகளுக்கு ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ வாங்குங்கள். நீலமும் வெள்ளையும் நீருக்குள் அப்படியே மறைந்துவிடும்.

வெயில் கொளுத்துகிறது, தண்ணீரோ உறைகிறது. குதித்துவிட்டால் பழகிவிடும் என்கிறார்களே?

குதிப்பதுதான் ஆபத்து. 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தன்னையறியாமல் இழுக்கும். அந்த இழுப்பில் நீர் உள்ளே போகலாம், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். வட அட்லாண்டிக் கரைகளில் காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் கோடைத் தொடக்கத்தில் நீர் குளிர்ந்தே இருக்கும். மெல்ல நடந்து இறங்குங்கள். தவறி விழுந்தால், ரிப் பற்றிச் சொன்னதைப் போலவே முதலில் மல்லாந்து மிதக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு அடங்கிவிடும். இதய நோயுள்ள பெற்றோர் கணுக்கால் அளவோடு நின்றுகொள்ளட்டும்.

கடல் வற்றியிருக்கும்போது அந்தத் தீவுக்கு நடந்தே போகலாமாம். போய் வரலாமா?

வற்றும் நேரத்தை அந்த நாளுக்குரிய ஓத அட்டவணையில் (கடல் பெருகும், வற்றும் நேரங்களின் பட்டியல்) பார்க்காமல் போகாதீர்கள். கடல் பெருகி வற்றி மறுபடி பெருக ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. எனவே நேற்றைய நேரம் இன்றைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றலும் மிகுதி. மத்தியதரைக் கடலில் இது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அங்கே பழகியவர்கள் பிரான்சின் மோன் சான் மிஷேல் விரிகுடாவுக்குப் போகும்போதுதான் ஏமாறுகிறார்கள். அங்கே ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வேறுபாடு 14 மீட்டர் வரை போகும்.

நீர் முன்னாலிருந்துதான் வரும் என்று எண்ணுவதும் தவறு. தாழ்வான ஓடைகளில் புகுந்து முதுகுப்புறம் நிறைந்து, நாம் நிற்கும் மணல்திட்டைத் தீவாக்கிவிடும். குழந்தைகளோடு போவதானால் வற்றல் முழுமையடைவதற்கு முன்பே புறப்பட்டு, நீர் திரும்பத் தொடங்குவதற்குள் கரையேறிவிட வேண்டும். சேற்று நிலமாக இருந்தால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம்.

ஜெல்லிமீன் கொட்டினால் என்ன செய்வது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சிறுநீர் ஊற்றச் சொல்பவரை மட்டும் கேட்காதீர்கள். பொதுவாக, கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரால் கழுவுவதும் மணலால் தேய்ப்பதும் கூடாது. வினிகர் எல்லா இனத்துக்கும் பொருந்தாது. வட ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் மே வரை வரும் பெட்டி ஜெல்லிமீனுக்கு வினிகரை ஊற்றிவிட்டு உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதே நாட்டின் தென்பகுதியில் வரும் நீலப்புட்டி (புளூபாட்டில்) என்ற கொட்டும் உயிரினத்துக்கு வினிகர் கூடாது, பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரே மருந்து. திருக்கையின் முள் குத்தினாலும் வெந்நீரில் காலை வைப்பதுதான் வலியைக் குறைக்கும், ஆனால் காயத்தை மருத்துவர் பார்த்தாக வேண்டும். மூச்சுத்திணறலோ வாந்தியோ வந்தால் காத்திருக்காதீர்கள்.

கூட்டத்தில் குழந்தை காணாமல் போனால் முதலில் எங்கே தேடுவது?

முதலில் நீரைப் பாருங்கள். அதே நொடியில் ஒருவர் உயிர்காப்பாளர் மேடைக்குப் போகட்டும். கரையைத் தேட நிறையப் பேர் வருவார்கள். வந்ததும் வராததுமாக மேடையின் எண்ணைக் குழந்தைக்குக் காட்டி, “தொலைந்தால் இங்கே வந்து நில்” என்று சொல்லிவைத்து, கையில் கட்டும் பட்டையில் நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். அன்று அணிந்திருக்கும் உடையில் ஒரு படம் எடுத்துவைத்தால், மொழி தெரியாத இடத்தில் அடையாளம் விளக்கும் வேலை மிச்சம்.

அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. பிரிட்டனில் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111.

அப்பா அம்மா விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். பக்கத்து நாட்டுக் கடற்கரைக்கு இரண்டு நாள் கூட்டிப்போகலாமா?

பெற்றோரின் விசா ஒரு முறை நுழைவதற்கா, பலமுறை நுழைவதற்கா என்பதைப் பாருங்கள். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கனுக்குள் எங்கு போனாலும் அது ஒரே நுழைவாகவே கணக்காகும். 2023 ஜனவரி முதல் குரோவேஷியாவும் அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. ஷெங்கனின் ஒற்றை நுழைவு விசாவில் வந்தவர் அங்கே போய்விட்டால், அந்த நாட்டின் விசா தனியே கையில் இருந்தாலும், திரும்பி உங்கள் வீட்டுக்கு வர வழியிருக்காது. பலமுறை நுழையலாம் என்றாலும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பிட அட்டை இருந்தால், பாஸ்போர்ட்டோடு சேர்த்து அதைக் காட்டி மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகலாம்; எல்லையில் சோதனை இராது என்று நம்பி இரண்டையும் வீட்டில் வைத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் பற்றி மேலே சொன்ன சலுகை எல்லை தாண்டும் நாளுக்குப் பொருந்தாது. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தை எல்லையில் கேட்கக்கூடும். காப்பீடும் அந்த நாட்டில் செல்லுமா, படகு, நீர்விளையாட்டுகளுக்குப் பொருந்துமா என்று முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

குழந்தை நிறையச் சிப்பி பொறுக்கி வைத்திருக்கிறாள். ஊருக்குக் கொண்டுபோகலாமா?

இடத்தைப் பொறுத்துக் குற்றமாகவும் ஆகலாம். இத்தாலியின் சார்டீனியாவில் மணல், கூழாங்கல், சிப்பி எதையும் எடுத்துச் செல்ல 2017 முதல் தடை உண்டு. விமான நிலையத்தில் பைகளைச் சோதித்து அபராதம் விதிக்கிறார்கள். பவளம், இராட்சத மட்டி, கரீபியக் கடலின் ராணிச்சங்கு, காய்ந்த கடற்குதிரை ஆகியவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. கடையில் ரசீதோடு வாங்கியிருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையில் பறிமுதல் ஆகலாம். உள்ளே உயிர் இருக்கிற சிப்பியை எங்குமே எடுக்க வேண்டாம். தடையில்லாத கரையில் வெற்றுச் சிப்பி ஒன்றிரண்டை எடுப்பதில் தவறில்லை. கழுவிக் காயவைத்துப் பையில் போடுங்கள், இல்லாவிட்டால் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.